பிக்கப் வாங்கும்முன் ஒரு டீசல் கணக்கு

2005 மே மாதம் டாடா மோட்டார்ஸ் ஒரு சிறிய சரக்கு வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு எஞ்சின் தேடி வெளியே போகவில்லை. கைவசம் இருந்த இண்டிகா காரின் நான்கு சிலிண்டர், 1405 சிசி டீசல் எஞ்சினைப் பாதியாக்கி, இரண்டு சிலிண்டர், 702 சிசி எஞ்சினாக மாற்றிக்கொண்டார்கள். அதன் திறன் 16 குதிரைத்திறன். இன்று கல்லூரிப் பையன்கள் ஓட்டும் 160 சிசி பைக்கின் திறனும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் அந்த எஞ்சின் முக்கால் டன் சரக்கை இழுத்தது, சந்துகளில் நுழைந்தது, எண்ணெயை அளந்து குடித்தது. டாடா ஏஸ் என்ற அந்த வண்டியைத் தமிழ்நாடு குட்டி யானை என்று கூப்பிட ஆரம்பித்தது.

அதுவரை சிறு வியாபாரிக்குப் பெரும்பாலும் இரண்டே வழிகள்தான் இருந்தன. ஒன்று மூன்று சக்கர சரக்கு ஆட்டோ, இல்லையென்றால் லாரி வாடகை. ஏஸுக்குப் பிறகு இடைவெளி வேகமாக நிரம்பியது. 2011ல் அசோக் லேலண்ட், நிஸானுடன் சேர்ந்து ஓசூர் ஆலையில் தோஸ்த் வண்டியைத் தயாரித்தது. ஒன்றேகால் டன் இழுக்கும் அதற்கு மூன்று சிலிண்டர், 1478 சிசி டீசல் எஞ்சின். மஹிந்திராவின் பொலிரோ பிக்கப் 2523 சிசி எஞ்சினோடு ஒன்றரை டன்னையும் தாண்டிய சுமைக்குப் பேர் வாங்கியது. 2016ல் மாருதி சூப்பர் கேரியும், 2019ல் டாடா இன்ட்ராவும் வந்தன. பெட்ரோல், டீசல், சிஎன்ஜி, மின்சாரம் என நான்கு வகை வண்டிகளும் இன்று ஷோரூமில் வரிசையாக நிற்கின்றன.

வாங்க வருகிறவர் முதலில் கேட்பது விலை. இரண்டாவதாகக் கேட்பது, "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" என்பது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்குக் கிடைக்கும் ஒற்றை எண்ணை நம்பி வண்டி எடுப்பதில்தான் பலருடைய காசு கரைகிறது.

எவ்வளவு கரையும் என்று பார்க்கலாம். ஒரு பிக்கப் நாளைக்கு 100 கிலோமீட்டர் ஓடுகிறது, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கிறது, டீசல் விலை 92 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 613 ரூபாய். மாதம் 26 நாள் ஓடினால் 15,900 ரூபாய்க்கு மேல். பலருக்கு வண்டிக்குக் கட்டும் மாதத் தவணையே இந்த அளவில்தான் இருக்கும். டியூ நான்கைந்து வருடத்தில் முடிந்துவிடும். பங்க்கில் கட்டும் தொகை வண்டி ஓடும் நாள்வரை முடியாது. ஐந்து வருடத்தில் இது ஒன்பதரை லட்சத்தைத் தொடும். அந்தப் பணத்துக்கு இன்னொரு சின்ன வண்டியே வாங்கலாம்.

ஷோரூமில் பேரம் பேசி ஐயாயிரம் ரூபாய் தள்ளுபடி வாங்கச் செலவிடும் நேரத்தில் பாதியை எரிபொருள் கணக்குக்குச் செலவிட்டால் போதும். கிடைக்கும் லாபம் பல மடங்கு.

கணக்கை எங்கிருந்து தொடங்குவது? சரக்கிலிருந்து. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது வண்டியை மட்டும் வைத்துப் போடும் அளவு. வியாபாரிக்கு வேண்டியது, ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக எத்தனை ரூபாய் ஆகிறது என்பது. இரண்டும் வேறு வேறு விடை தரும்.

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்குத் தினமும் 1,400 கிலோ தக்காளி அனுப்பும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தோட்டம் 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் சின்ன வண்டியில் ஒரு நடைக்கு 700 கிலோதான் ஏற்ற முடியும். ஆகவே இரண்டு நடை, போக வர 240 கிலோமீட்டர். பதின்மூன்றே கால் லிட்டருக்குச் சற்றுமேல் டீசல், 1,227 ரூபாய். லிட்டருக்கு 13 கிலோமீட்டரே தரும் பெரிய பிக்கப்பில் ஒரே நடை, 120 கிலோமீட்டர், 849 ரூபாய். மைலேஜ் குறைவான வண்டி தினமும் 377 ரூபாயை மிச்சம் பிடிக்கிறது. வருடத்தில் 300 நாள் ஓடினால் ஒரு லட்சத்துப் பதின்மூன்றாயிரம். டிரைவரின் நேரமும் டயர் தேய்மானமும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

அதே பெரிய பிக்கப்பை, ஊருக்குள் 400 கிலோ மளிகைச் சரக்கைக் கடை கடையாக இறக்கும் ஒருவர் வாங்கினால் கதை தலைகீழ். நாளைக்கு 80 கிலோமீட்டர் ஓடினால் 566 ரூபாய். சின்ன வண்டிக்கு 409 ரூபாய் போதும். வருடத்துக்கு 47,000 ரூபாயைக் காலி இடத்தைச் சுமப்பதற்காகச் செலவழிக்கிறார். "என்றைக்காவது பெரிய லோடு வந்தால்?" என்ற நினைப்பில்தான் இப்படிப் பெரிய வண்டி எடுக்கிறார்கள். மாதத்தில் இரண்டு நாள் வரும் பெரிய லோடுக்கு வாடகை வண்டி பிடிப்பது மலிவு.

சரக்கின் எடையைப் போலவே அதன் பருமனும் முக்கியம். நாமக்கல் முட்டை, பொரி மூட்டை, பஞ்சு மெத்தை எல்லாம் எடை குறைவு, இடம் அதிகம். இவற்றுக்கு டன் கணக்கில் இழுவைத் திறன் வேண்டியதில்லை. நீளமான பாடி வேண்டும். சிமென்ட், டைல்ஸ், குடிநீர் கேன் நேர்மாறு. இருபது லிட்டர் கேன் ஒன்று தண்ணீரோடு இருபது கிலோவைத் தாண்டும். முப்பத்தைந்து கேன் ஏற்றினாலே எழுநூறு கிலோ. பார்வைக்குப் பாதி பாடிதான் நிரம்பியிருக்கும், வண்டி முழுச் சுமையில் இருக்கும். எதை ஏற்றப் போகிறோம் என்பதை எடையிலும் அடியிலும் சொல்ல முடியாதவர் ஷோரூமுக்குப் போகும் நேரம் இன்னும் வரவில்லை.

எண்கள் ஏமாற்றும் இன்னொரு இடமும் உண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் இருவரும் 2008ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். ஒரு காலனுக்கு எத்தனை மைல் என்ற அளவைப் பார்க்கும் மனிதர்கள், எரிபொருள் மிச்சத்தைத் தவறாகவே மதிப்பிடுகிறார்கள் என்று அதில் காட்டினார்கள். நம்முடைய லிட்டர் கணக்கிலும் அது அப்படியே பொருந்தும். ஒருவர் 18 கிலோமீட்டர் தரும் வண்டியை விட்டு 22 தரும் வண்டிக்கு மாறுகிறார். இன்னொருவர் 10 தரும் வண்டியை விட்டு 12 தருவதற்கு மாறுகிறார். யாருக்கு லாபம் அதிகம்? முதலாமவருக்கு என்றே தோன்றும். 100 கிலோமீட்டருக்குக் கணக்கிட்டால் முதலாமவர் மிச்சம் பிடிப்பது ஒரு லிட்டர். இரண்டாமவர் மிச்சம் பிடிப்பது ஒன்றே முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு.

இதிலிருந்து வாங்குபவர் எடுத்துக்கொள்ள வேண்டியது நேரானது. சின்ன வண்டிகளுக்குள் ஒன்றிரண்டு கிலோமீட்டர் வித்தியாசத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பெரிய வண்டிகளுக்குள் ஒரு கிலோமீட்டர் வித்தியாசத்தைக்கூட விடக் கூடாது. ஒப்பிடும்போது 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று மாற்றிப் போட்டுப் பார்த்தால் உண்மை உடனே தெரியும்.

அடுத்தது எரிபொருள். சரக்கு வண்டி என்றால் டீசல் என்று இருந்த காலம் 2020 ஏப்ரல் 1 அன்று பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்ததோடு மாறத் தொடங்கியது. புதிய விதிக்கு ஏற்றபடி டீசல் எஞ்சினைச் சுத்தப்படுத்தச் செலவு அதிகம். மாருதி தன் சூப்பர் கேரியின் 793 சிசி டீசல் எஞ்சினையே கைவிட்டு, 1.2 லிட்டர் பெட்ரோலோடும் சிஎன்ஜியோடும் நின்றுகொண்டது.

டீசலின் பலம் இன்னும் குறையவில்லை. ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் ஆற்றல் அதிகம். டீசல் எஞ்சின் அந்த ஆற்றலைப் பெட்ரோல் எஞ்சினைவிடத் திறமையாகவும் பயன்படுத்துகிறது. குறைந்த சுழற்சியிலேயே நல்ல இழுவை தருகிறது. ஒரு டன்னுக்கு மேல் ஏற்றி, நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓடுபவருக்கு டீசலை விட்டால் நல்ல துணை இன்றைக்கும் இல்லை.

ஆனால் ஊருக்குள்ளேயே இரண்டு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர் என்று நின்று நின்று ஓடுபவர் பிஎஸ்-6 டீசல் வாங்கும்முன் யோசிக்க வேண்டும். பெரும்பாலான டீசல் பிக்கப்களில் புகைக் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரியை எஞ்சின் அவ்வப்போது கூடுதல் டீசல் செலவழித்து எரித்துச் சுத்தம் செய்யும். அதற்குச் சிறிது நேரம் நிற்காத ஓட்டம் தேவை. சந்தைக்கும் கடைக்கும் இடையே மட்டும் ஓடும் வண்டிக்கு அந்த ஓட்டமே கிடைப்பதில்லை. எரிப்பு பாதியில் நின்று, மறுபடி தொடங்கி, டீசலும் வீணாகி, கடைசியில் விளக்கு எரிந்து வண்டி பட்டறைக்குப் போகிறது.

இப்படிப்பட்டவர்களுக்கு சிஎன்ஜி நல்ல தேர்வு. ஒரு கிலோ சிஎன்ஜியில் இருக்கும் ஆற்றல் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். பெட்ரோல் 101 ரூபாய்க்கு லிட்டருக்கு 17 கிலோமீட்டர், சிஎன்ஜி 90 ரூபாய்க்குக் கிலோவுக்கு 22 கிலோமீட்டர் என்று வைத்தால், கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் எண்பத்தைந்து காசு மிச்சம். வருடம் 24,000 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 44,000 ரூபாய்.

இதற்கு ஒரு விலை உண்டு. விளம்பரத்தில் அது சிறிய எழுத்தில்தான் இருக்கும். இரும்புச் சிலிண்டர் கனமானது. அந்தக் கனம் சரக்கின் கணக்கிலிருந்துதான் கழியும். சூப்பர் கேரி பெட்ரோல் வண்டியின் சுமைத்திறன் 740 கிலோ. அதே வண்டி சிஎன்ஜியில் 625 கிலோ. தினமும் எழுநூறு கிலோ ஏற்ற வேண்டியவருக்கு 115 கிலோ குறைவது என்றால் ஒன்று ஓவர்லோடு, அல்லது இன்னொரு நடை. இன்னொரு நடை வந்துவிட்டால் சிஎன்ஜியின் லாபம் முழுக்கப் போய்விடும். பங்க் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அங்கே வரிசை எப்படி என்பதையும் போய்ப் பார்த்துவிட வேண்டும். கேஸ் நிரப்பப் பத்து கிலோமீட்டர் காலியாக ஓடினால் அதுவும் செலவுதான். மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டரைச் சோதனைக்குக் கொடுத்துச் சான்று வாங்குவதும் கட்டாயம்.

மின்சார வண்டியின் கணக்கு இன்னும் கவர்ச்சியானது. 2022 மே மாதம் அறிமுகமான டாடா ஏஸ் மின்சார வண்டிக்கு 21.3 யூனிட் பேட்டரி. சான்றளிக்கப்பட்ட தூரம் 154 கிலோமீட்டர். சுமைத்திறன் 600 கிலோ. 2024ல் ஒரு டன் இழுக்கும் வடிவமும் வந்தது. சுமையோடு நிஜச் சாலையில் 100 கிலோமீட்டர்தான் ஓடும் என்று குறைத்தே மதிப்பிட்டு, சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து, யூனிட் 10 ரூபாய் என்று வைத்தாலும் கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய்க்குள் முடிகிறது. லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் டீசல் வண்டிக்கு ஐந்து ரூபாய்க்கு மேல் ஆகிறது. அமேசான், ஃபிளிப்கார்ட், பிக்பாஸ்கெட் முதலிய நிறுவனங்களிடமிருந்து 39,000 வண்டிகளுக்கான ஒப்பந்தங்களோடு அந்த வண்டி அறிமுகமானதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். அவர்களின் வண்டி தினமும் ஒரே கிடங்கிலிருந்து கிளம்பி, தெரிந்த தெருக்களில் சுற்றி, இரவு அதே கிடங்குக்குத் திரும்புகிறது.

பால் விநியோகம், கேஸ் சிலிண்டர், தண்ணீர் கேன், பேக்கரி சரக்கு என்று கட்டான பாதை உள்ளவர்கள் மின்சார வண்டியைத் தயங்காமல் பரிசீலிக்கலாம். இன்று ஓசூர், நாளை தூத்துக்குடி என்று கிடைத்த வாடகைக்கு ஓடுபவருக்கு அது ஒத்துவராது.

மலைப்பாதைக்காரர்களுக்குத் தனிக் கணக்கு உண்டு. கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்திலிருந்து மேலே போக ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம். மூன்று டன் எடையுள்ள வண்டியை ஆயிரம் மீட்டர் தூக்கத் தேவைப்படும் ஆற்றலை டீசலாக மாற்றினால் ஒரு லிட்டருக்கும் குறைவுதான். ஆனால் எஞ்சின் தான் எரிக்கும் டீசலில் மூன்றில் ஒரு பங்கைத்தான் இழுவையாக மாற்றுகிறது. மீதி வெப்பமாகப் போய்விடுகிறது. ஆகவே தூரத்துக்கான டீசல் போக, உயரத்துக்காக மட்டும் கூடுதலாக இரண்டரை லிட்டர் எரிகிறது. சரக்கு இல்லாமல் ஒன்றே கால் டன் எடையில் ஏறினால் இது ஒரு லிட்டராகக் குறையும்.

இதனால் மலையில் ஓடுபவருக்கு வண்டியின் சொந்த எடை மிக முக்கியம். சுமைக்குப் போதாத சின்ன எஞ்சினை எடுத்தால் முதல், இரண்டாம் கியரிலேயே உறுமிக்கொண்டு ஏற வேண்டிவரும். அதிகச் சுழற்சியில் டீசல் குடித்து, கிளட்சும் சீக்கிரம் போய்விடும். ஏறுதிறன் என்று விவரத்தாளில் ஒரு எண் கொடுத்திருப்பார்கள். சமவெளிக்காரர்கள் அதைப் பார்க்க வேண்டியதில்லை. ஏற்காடு, வால்பாறை, நீலகிரி வண்டிக்காரர்கள் மைலேஜுக்கு முன்னால் அதைத்தான் பார்க்க வேண்டும்.

இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விடும் பழக்கத்தைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். டீசல் மிச்சமாகும் என்று நம்பிப் பலர் செய்கிறார்கள். மின்னணு முறையில் எரிபொருள் பாய்ச்சும் இன்றைய எஞ்சின்களில், கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் டீசல் முழுவதுமாக நிறுத்தப்படுகிறது. சக்கரமே எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் போய்க்கொண்டே இருக்கும். ஆக, கியரில் இறங்குவதுதான் சிக்கனம். நியூட்ரலில் எஞ்சினின் பிடிப்பு இல்லாமல் முழுப் பாரமும் பிரேக்கில் இறங்குகிறது. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் விபத்துகள் நடக்கின்றன. மிச்சமே ஆகாத டீசலுக்காக உயிரைப் பணயம் வைக்கும் இந்தப் பழக்கத்தை ஒவ்வொரு வண்டி உரிமையாளரும் தன் டிரைவரிடம் நிறுத்தச் சொல்ல வேண்டும்.

இனி வாங்கிய பிறகு செய்யும் ஒரு காரியம். வண்டி ஷோரூமிலிருந்து நேராகப் பாடி கட்டும் பட்டறைக்குப் போகும். தரையில் கனத்த இரும்புத் தகடு, பக்கங்களில் உயரமான கூண்டு, முன்னால் கம்பி, தலைக்குமேல் கேரியர், பின்னால் கூடுதலாக இரண்டு பட்டை. எல்லாம் சேர்ந்து நூறு, இருநூறு கிலோ ஏறிவிடுகிறது. இந்த எடை வண்டி காலியாக ஓடும்போதும் கூடவே வரும். உயரக் கூண்டு காற்றைத் தடுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். சரக்குக்கு உண்மையிலேயே கூண்டு வேண்டும் என்றால் கட்டத்தான் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் கட்டியிருக்கிறார் என்பதற்காகக் கட்டுவது வாழ்நாள் முழுக்க டீசல் தண்டம்.

பழைய வண்டி வாங்குபவர்கள் இதை எளிதில் கண்டுபிடிக்கலாம். வண்டியைக் காலியாக எடை மேடையில் ஏற்றி, வரும் எடையை ஆர்.சி. புத்தகத்தில் உள்ள காலி எடையோடு ஒப்பிட்டால் போதும். வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு சரக்கை அந்த வண்டியில் சட்டப்படி ஏற்ற முடியாது. 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000. ஒரு தடவை மாட்டினால் ஒரு மாதத்து டீசல் காசு போய்விடும்.

நான்கு சக்கர இழுவை கொண்ட பெரிய பிக்கப்களையும் இப்போது தோட்டக்காரர்கள் விரும்புகிறார்கள். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஸ்ரீசிட்டியில் 2016 முதல் தயாராகும் இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், 2022ல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் ஆகியவை அந்த வகை. சேறும் மேடுமான எஸ்டேட் பாதையில் அவற்றுக்கு ஈடில்லை. ஆனால் நான்கு சக்கரத்துக்கும் விசை கொண்டுபோகும் பாகங்களின் எடையையும் உராய்வையும் தார்ச்சாலையிலும் சுமந்தே ஆக வேண்டும். வருடத்தில் சில நாள் சேற்றுக்காக இதை எடுப்பவர் மீதி நாளெல்லாம் அதற்கு டீசல் ஊற்றுகிறார்.

பெரிய பிக்கப்களின் தாயகமான அமெரிக்காவிலேயே இந்த நினைப்பு மாறி வருகிறது. ஃபோர்டு நிறுவனம் 2022 மாடலாகக் கொண்டுவந்த மேவரிக் என்ற சிறிய ஹைபிரிட் பிக்கப்புக்கு அந்நாட்டு அரசின் சோதனையில் நகரத்துக்குள் லிட்டருக்குச் சுமார் 18 கிலோமீட்டரும், நெடுஞ்சாலையில் 14 கிலோமீட்டரும் கிடைத்தன. நகரத்தில் ஏன் அதிகம்? பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலைப் பேட்டரி சேர்த்துவைத்து, கிளம்பும்போது திருப்பிக் கொடுக்கிறது. நின்று நின்று போவதுதான் அதன் பலம். நெடுஞ்சாலையில் சேமிக்க எதுவும் இல்லை. வண்டி எங்கே ஓடப் போகிறது என்று தெரியாமல் மைலேஜ் பேச முடியாது என்பதற்கு இது நல்ல சான்று.

நெடுஞ்சாலை என்றதும் வேகம். மத்திய பெட்ரோலிய அமைச்சகத்தின்கீழ் இயங்கும் பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் பல வருடங்களாகச் சொல்லிவருவது, மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் எரிபொருள் மிகக் குறைவாகச் செலவாகிறது என்பதை. எண்பதில் ஓட்டுவதைவிட இந்த வேகத்தில் நாற்பது சதவீதம்வரை கூடுதல் தூரம் கிடைக்கலாம் என்பது இந்தியக் கார்களில் அவர்கள் கண்டது. முகம் தட்டையான, கூண்டு கட்டிய பிக்கப்புக்குக் காற்றின் எதிர்ப்பு காரைவிட அதிகம். ஆகவே வேகத்தின் தண்டனையும் கடுமை. டாடா இன்ட்ரா போன்ற வண்டிகளில் எப்போது கியர் மாற்ற வேண்டும் என்று காட்டும் குறியும், சிக்கன ஓட்டத்துக்குத் தனிப் பொத்தானும் இருக்கின்றன. சம்பள டிரைவரை நம்பி வண்டி விடுபவர்கள் இவற்றுக்காகச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

டயரில் காற்று குறைந்தால் மைலேஜ் குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் பலர் வாரக்கணக்கில் பார்ப்பதில்லை. சுமையோடு ஓடும்போது எவ்வளவு காற்று என்று கம்பெனி சொன்ன அளவு கதவோரத்திலோ கையேட்டிலோ இருக்கும். அதைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும்.

இவ்வளவுக்கும் மேலே ஒன்று உண்டு: ரிட்டர்ன் லோடு. போகும்போது நிறைந்தும் வரும்போது காலியாகவும் ஓடும் வண்டியின் டீசலில் ஏறக்குறைய பாதி, காலி பாடியைத் திருப்பிக் கொண்டுவரச் செலவாகிறது. எந்த எஞ்சினும் இந்த இழப்பை ஈடுகட்டாது. காய் இறக்கிவிட்டுத் திரும்பும்போது காலிப் பெட்டிகளோ, உர மூட்டையோ, கடைச் சரக்கோ கிடைக்குமா என்பதைப் பொறுத்து எந்தப் பாடி, எந்த நீளம் என்பதே மாறலாம். தார்ப்பாய் போட்டு மூடும் திறந்த பாடிக்கு எல்லாச் சரக்கும் கிடைக்கும். ஒரே பொருளுக்கென்று கட்டிய கூண்டுக்கு அது கிடைக்காது.

ஷோரூமில் சொல்லும் மைலேஜ் பொய் என்று சொல்ல முடியாது. அது சோதனைக் கூடத்தில், உருளைகள்மேல், வகுக்கப்பட்ட வேக அட்டவணைப்படி ஓட்டி எடுத்த எண். அங்கே கோயம்பேட்டு நெரிசல் இல்லை, சாய்ந்து ஏற்றிய வாழைத்தார் இல்லை. ஆகவே வாங்கும்முன் சுமையோடு ஓட்டிப் பார்க்கக் கேட்க வேண்டும். டேங்கை விளிம்புவரை நிரப்பி, வழக்கமான சரக்கை ஏற்றி, வழக்கமான பாதையில் போய்வந்து, அதே பங்க்கில் மறுபடி நிரப்பி, ஊற்றிய லிட்டரால் ஓடிய தூரத்தை வகுத்தால் உண்மையான எண் வந்துவிடும். மறுக்கிறார்கள் என்றால், அதே மாடலை அதே தொழிலுக்கு ஓட்டும் இரண்டு மூன்று பேரிடம் சந்தையிலேயே விசாரிக்கலாம். "என்ன அண்ணே, லோடோட எவ்ளோ குடுக்குது?" என்று கேட்டால் வண்டிக்காரர்கள் ஒளிக்காமல் சொல்லிவிடுவார்கள்.

வண்டி எடுக்க நினைப்பவர்கள் இந்த வாரமே ஒரு நோட்டு எடுத்து, ஏற்றும் சரக்கின் எடை, போகும் தூரம், திரும்பும்போது காலியா நிறைவா, மேடா சமவெளியா என்பதை ஒரு மாதம் தினமும் எழுதிவையுங்கள். அந்த நோட்டோடு ஷோரூமுக்குப் போய், லிட்டருக்கு எவ்வளவு என்று கேட்பதற்குப் பதிலாக, இந்தச் சரக்கை இந்தத் தூரம் கொண்டுபோக எத்தனை லிட்டர் ஆகும் என்று கேளுங்கள்.